அக்கா கேட்ட வியாழன்

வியாழன் கிரகத்தின் படம் செய்தித்தாளில் வந்த அன்று காலை நான் செய்த காரியம் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. ஆளில்லாத விண்கலம் ஒன்று அந்தக் கிரகத்தை நெருங்கிக் கடந்து படங்களை அனுப்பியிருந்தது. புள்ளி புள்ளியாகக் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கருவடிக்குப்பத்து வீட்டின் கூடத்தில் நின்று கத்தினேன். "அக்கா, இதப் பாரேன்! இந்தப் பட்டையப் பாரு, இந்தச் சுழியப் பாரு!" அக்கா முறத்தில் அரிசியைப் பரப்பி, விரல்களால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு கையை நீட்டினாள். நான் தாளைக் கொடுத்தேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்று திருப்பிக் கொடுத்தாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து என்னை முறைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குப் பார்வை போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்பா இறந்ததும் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவள் அவள். நூல் சுற்றும் பிரிவில் பதினாறு வருடம் நின்றாள். அந்த இரைச்சலில் இடது காது பாதி மந்தமாகிவிட்டது. யாராவது பேசினால் வலப்பக்கமாகத் தலையைச் சாய்ப்பாள். நான் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியதே அவள் நின்ற நிற்பில்தான். பிறகு கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. முப்பத்து நான்கு வயதில் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தாள். வாசற்படியைத் தாண்டவே மாட்டாள். ஆலையில் கூட வேலை செய்த பெண்கள் பார்க்க வந்தால், பாயை விரித்துப் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பாள். அவர்கள் போனதும் எழுந்து, "போய்ட்டாங்களா?" என்பாள்.

நான் கல்லூரியில் ஆய்வகப் பயிற்றுநராக இருந்தேன். எங்கள் துறைத்தலைவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரிக்காரர். 'ஐயா' என்பதற்குப் பதிலாக எல்லோரும் அவரைப் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடக் கடைசியில், பாரிசில் இருந்த அவருடைய தம்பி ஓர் ஒலிநாடாவை அனுப்பியிருந்தார். விண்கலத்தில் படம் எடுக்கும் கருவி மட்டுமல்ல, விண்வெளியில் பரவும் மின் அலைகளைப் பிடிக்கிற கருவியும் இருந்தது. அது பிடித்த அலைகளை மனிதக் காதுக்குக் கேட்கும்படி ஒலியாக மாற்றிப் பதிவு செய்திருந்தார்கள். இடையிடையே பிரெஞ்சில் விளக்கம். முசியே அதை ஆய்வகத்தில் போட்டுக் காட்டினார். எங்களில் பலருக்கு அது வானொலி சரியாகப் பிடிக்காத கரகரப்பாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அக்காவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. அவளுக்குப் போட்டுக் காட்ட நாடாவைத் தருவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாடாவ மட்டும் கொடுத்தா உனக்கு பிரெஞ்சு புரியுமா? நானே வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கல்லூரி டேப் ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். பின்னாலேயே முசியே. வெளியாள் குரல் கேட்டதும் அக்கா உள்ளே எழுந்து போகப் பார்த்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாழன் ஒரு பெரிய காந்தம் என்றார். சூரியனிலிருந்து மின்துகள்கள் காற்றுப்போல ஓயாமல் வீசுகின்றன. அந்தக் காற்றை வியாழனின் காந்தம் வெகுதூரத்திலேயே தடுத்து நிறுத்துகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் இடம் அவ்வளவு பெரியது, அது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் நம் வானத்தில் நிலவைவிடப் பெரிதாக இருக்கும் என்றார்.

அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தாள். "தெரிஞ்சான்னா? இப்பத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"தம்பிக்கு?"

"எனக்கும் தெரியாதுக்கா" என்றேன். "கருவி சொன்னாத்தான் உண்டு."

அவள் நகர்ந்து வந்து வலது காதை ரெக்கார்டர் பக்கம் சாய்த்தாள். முதலில் மெல்லிய விசில்களாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் குபீரென்று எழுந்தது. அக்கா கையை உயர்த்தினாள். "இருங்க. இங்க இன்னாமோ மாறுது. மில்லுல ஷெட்டுக் கதவத் திறந்தா இப்படித்தான், சத்தம் மூஞ்சியில வந்து அடிக்கும்." முசியே நாடாவை நிறுத்தினார். அந்த இடத்தில்தான் கலம் எல்லையைத் தொடுகிறது. சூரியக் காற்று வியாழனின் காந்தத்தில் வந்து மோதும் இடம் அதுதான். அதற்குரிய விளக்கத்தை அவர் இன்னும் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவில்லை. "நான் மூணு தடவ கேட்டுத்தான் இதக் கண்டுபிடிச்சேன்" என்று சிரித்தார்.

பிறகு ஒரு சீழ்க்கை வந்தது. உச்சத்தில் தொடங்கிச் சரிந்து சரிந்து அடங்கியது. வியாழனின் மேகங்களில் வெட்டிய மின்னல் அது என்றார். மின்னலிலிருந்து கிளம்பிய அலை காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வரும்போது, கீச்சென்ற பகுதி முந்திக்கொள்கிறது, கனத்த பகுதி பின்னால் வந்து சேர்கிறது. அதனால்தான் இந்தச் சரிவு. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டில் அக்கா எதையும் வேண்டுமென்று கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

கல்லூரியில் அறிவியல் கண்காட்சி வந்தது. படங்களை ஒரு சுவரில் ஒட்டினோம். ஒலிநாடா மேசைக்கு அக்கா வரவேண்டும் என்று முசியே சொல்லியனுப்பினார். "ஊரே என்னக் குருடின்னு வேடிக்க பாக்கவா? போடா" என்றாள். கண்காட்சியன்று காலை நான் சைக்கிளை எடுக்கும்போது, ஆலைக்குப் போகும் நாட்களில் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "மெதுவா மிதி. விழுந்தேன்னா திரும்பி வந்துடுவேன்."

முதல் ஒரு மணி நேரம் அவள் குரல் எழும்பவில்லை. ஆட்கள் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பிறகு யாரோ ஒருவர், "ஒரே இரைச்சலா கீது, இதுல இன்னா இருக்கு?" என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நில்லுங்க. அவசரப்பட்டா கேக்காது" என்று அவரைப் பிடித்து நிறுத்தி, எல்லையில் இரைச்சல் எழும் இடத்தையும் சீழ்க்கை சரியும் இடத்தையும் விரலால் மேசையைத் தட்டிக் காட்டினாள். மாலையில் மேசையைச் சுற்றிக் கூட்டம். அதில் அவளோடு ஆலையில் நின்ற தோழி ஒருத்தியும் இருந்தாள். அவள் பேசாமல் அக்காவின் தோளில் கை வைத்தாள். அக்கா அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள். "கட்ட விரல்ல தழும்பு... நீதானாடி? உன்ன எத்தன தடவ தூங்கிக்கினே திருப்பி அனுப்பிட்டேன்!" என்று அழுதாள். அந்தத் தோழிதான் பிறகு, பார்வையற்றவர்கள் பிரம்பு நாற்காலி பின்னும் கூடம் ஒன்றைப் பற்றி விசாரித்துச் சொன்னாள். அக்கா அங்கே சேர்ந்தாள். கோலை ஊன்றிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறப் பழகினாள்.

வியாழன் படம் வந்து ஏழு வருடம் கழித்து, அந்த விண்கலத்தின் துணைக்கலம் யுரேனஸை அடைந்தது. படங்களுக்காகக் காத்திருந்த எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். வெளிறிய ஓர் உருண்டை. பட்டையும் இல்லை, சுழியும் இல்லை. ஆனால் காந்தக் கருவி வேறு கதை சொன்னது. ஏற்கெனவே பக்கவாட்டில் படுத்துச் சுழலும் அந்தக் கிரகத்தில், காந்த அச்சு சுழலும் அச்சிலிருந்து வெகுவாகச் சாய்ந்திருந்தது. நடுமையத்தின் வழியாகக்கூடப் போகவில்லை. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அப்படி இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "அவசரப்படாம சொல்லு. எங்க ஆளுங்ககிட்ட சொல்லணும்" என்றாள். இரண்டு முறை சொல்லவைத்தாள்.

மறுநாள் பகலுணவு நேரத்தில் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. பின்னற்கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்காவின் கையில் ஒரு சாத்துக்குடி. அதில் இரண்டு கம்பியூசிகள். ஒன்று நட்ட நடுவில் படுக்கையாக, மற்றொன்று ஓரமாகக் கோணலாக. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். பழம் கை கைக்கு மாறிக்கொண்டிருந்தது. வயதான ஒருவர் நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோணலா நிக்குது?"

"கோணலாத்தான் இருக்குதாம் தாத்தா. அப்படியேதான் சுத்துதாம்."

அவர் மறுபடியும் தடவினார். "ஆமா, சுத்தட்டும்" என்று சிரித்து, பழத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

நான் செருமினேன். அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வந்துட்டியா? எப்ப வந்தே? சரியா சொன்னனாடா?"

"சரியாத்தான்கா சொன்னே" என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டாள்.