ரொகாயா அக்காவின் தங்க ஊசி

மலேசியாவின் தைப்பிங்கில் மணப்பெண் அலங்காரம் என்றால் ரொகாயா அக்காதான். ஐம்பதைத் தாண்டியும், மணப்பெண்ணைவிட இவள் முகம்தான் பளபளக்கும். "அரிசி கழுவின தண்ணிதான்டி, வேற ஒண்ணுமில்ல" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான். நம்பித் தொலைத்தேன்.

உண்மை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இளவயதில் ஒரு மந்திரவாதியிடம் போய், முகம் வாடாமலிருக்க, கன்னத்துத் தோலுக்கடியில் மெல்லிய தங்க ஊசிகளைச் செருகி வைத்துக்கொண்டாள். சூசுக் என்போம். மார்க்கத்துக்கு ஆகாத காரியம். தெரிந்தால் கல்யாண வீட்டுப் பெண்கள் மென்று துப்பிவிடுவார்கள். கணவர் ஹாஷிமிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. சின்னதுதான். "அறுத்து எடுக்கும்போதே அந்த இடத்துல கதிர் வச்சு ஒரே தடவையில முடிச்சிடலாம்மா," என்றார் டாக்டர் சியூ. "ஆனா அதுக்கு முன்னாடி எம்ஆர்ஐ எடுக்கணும். அதே மார்புல இன்னொண்ணு ஒளிஞ்சிருந்தா இது சரிப்படாது. வாரக்கணக்கா வந்து முழு மார்புக்கும் கதிர் வச்சுக்கணும்."

கல்யாண சீசன் வேறு. ஒரே தடவை என்றதும் அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் எம்ஆர்ஐ அறை வாசலில் நர்ஸ், "உள்ள பெரிய காந்தம். உடம்புக்குள்ள ஊசி, கம்பி, ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள். பக்கத்தில் ஹாஷிம்.

"எனக்கு மூச்சு முட்டும். அந்தக் குழாய்க்குள்ள நான் போக மாட்டேன்," என்று அக்கா வெளியே வந்துவிட்டாள். டாக்டர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மற்ற ஸ்கேன் படங்களை நம்பி, அரைமனதாக அந்த ஒரே தடவைக் கதிரை வைத்தார்.

இரண்டாம் வருஷம் அதே மார்பில் வேறோர் இடத்தில் கட்டி. அக்குளுக்கும் பரவியிருந்தது. "அன்னிக்கே இருந்திருக்கலாம்மா. எம்ஆர்ஐ எடுத்திருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த முறை நான் துணைக்குப் போனேன். அதே அறை, அதே நர்ஸ், அதே கேள்வி. அக்கா என் கையை இறுக்கிக்கொண்டாள். "முகத்துல... சூசுக் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் நிமிரக்கூட இல்லை. "தங்கமா? பெரும்பாலும் எடுத்துடலாம். இருங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன். இந்த வாரத்துல சூசுக்கோட வந்ததுல நீங்க ரெண்டாவது ஆளு." சட்டென்று நின்றாள். "ஏங்க்கா, அன்னிக்கு இதுக்காகவா ஓடுனீங்க?"

"பாவி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா!" என்று கத்தினேன்.

"உன்கிட்டயா? பசார்ல தண்டோரா போட்டிருப்பே," என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. "இந்த மூஞ்சிக்காகடி... இந்த மூஞ்சிக்காக," என்று கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணீரில் நனைந்தும் அந்தக் கன்னம் பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.