வெளியே எடுத்து வைத்த நொதி

தபீதாளுக்குக் கோபம் வரும் என்று குரோம்பேட்டையில் அவரோடு பழகிய எங்களில் யாருக்கும் 1973 வரை தெரியாது. கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர், டாக்டர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்து நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்திருந்தார்.

பாலூட்டிகளின் உடலில் என்சைம் எனப்படும் நொதிகளில் ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. இழையின் நுனியில், பார்த்து எழுத மூலப்படி எதுவும் இல்லாமலே, ஒரே வேதி எழுத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு போகும். அதை ஆட்டுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுப்பதுதான் தபீதாளின் ஆராய்ச்சி. விடியற்காலையில் பல்லாவரம் கறிக்கடைக்குப் போவார். சுரப்பியைச் சூடு ஆறுவதற்குள் ஐஸில் புதைத்து மின்சார ரயில் ஏறுவார். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். குளிர் விட்டால் நொதி செத்துவிடும். கோடை முழுக்கப் பாடுபட்டுச் சில குழாய்களில் நொதியைச் சேர்த்து ஆய்வுக்கூட ஃபிரிட்ஜில் வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குழாய்கள் ஜன்னலோர மேசையில் வெயிலில் கிடந்தன. ஃபிரிட்ஜ் நிறைய ஐஸ்கிரீம்.

"யார் சார் இதை வெளியே வெச்சது?"

"நான்தாம்மா வைக்கச் சொன்னேன்," என்றார் துறைத்தலைவர் ராஜாராமன். "டெல்லியிலேர்ந்து கெஸ்ட் வர்றாங்க. இன்னொரு ஆடு வெட்டினாப் போச்சு!"

தபீதாள் சோதித்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. நேராக விருந்து நடந்த அறைக்குள் போனார்.

"நீங்க சாப்பிடற ஐஸ்கிரீமுக்கு இடம் வேணும்னு என் என்சைமைக் கொன்னுட்டார் இவர். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"கெட் அவுட்!" என்று கத்தினார் ராஜாராமன். விருந்தினர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தபீதாளை உள்ளே விடவில்லை.

"மன்னிப்புக் கேட்டுடு தபீ, இத்தனை வருஷ உழைப்பு," என்றார் கணவர் அசரியா.

"கேட்க வேண்டியது அந்த ஆளு!"

கல்லூரி வேலைக்குத் திரும்பினார். பல கதவுகளைத் தட்டிய பிறகு கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்று இடம் தந்தது. மறுபடி கறிக்கடை, மறுபடி ஐஸ். 1978இல் பட்டம் வந்தது. பாராட்டுக் கூட்டத்துக்கு ராஜாராமனும் வந்து கை நீட்டினார்.

"வாழ்த்து வேணாம் சார். அன்னிக்குச் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க."

"இன்னுமா அதை ஞாபகம் வெச்சிருக்கே?" என்று சிரித்தபடி அவர் நகர்ந்துவிட்டார்.

தபீதாள் சாப்பிடாமலே வெளியேறினார். குரோம்பேட்டை வரும்வரை ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி ராஜாராமனைத் திட்டிக்கொண்டு வந்தார். உடன் வந்த அசரியா தடுக்கவில்லை.