இரண்டு ஆமைப்பூட்டுகளும் ஒரு நடுத்தீர்ப்பாளரும்

சண்டையைக் கண்டால் மற்றவர்கள் விலகிப் போவார்கள். நாங்கள் அதற்கு நடுவில் போய்க் குந்துவதற்குப் பட்டம் எடுக்கிறோம். வணிக நடுத்தீர்ப்பும் பிணக்குத் தீர்வும் என்ற முதுகலைப் படிப்பில் சனி ஞாயிறுகளைத் தொலைத்தவர்களுக்கும், கலியாண வீடுகளில் "உது என்ன படிப்பு, லோயரோ?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் பாயசம் குடிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் பங்குக்குக் கிடைத்த பிணக்கு

செய்முறைப் பாடத்துக்கு ஆளுக்கொரு உண்மையான பிணக்கைத் தேடித் தீர்க்க வேண்டும். எனக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கிடைத்தது. சிவகுருவரும் தவராசரும் பக்கத்துப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர். ஒரு கிணறு, ஒரு இறைப்பு மெசின், நாள்விட்டு நாள் முறை. இருவரும் சேர்ந்து ஒரு வியாபாரிக்குக் குலை கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதியிருந்ததால், விரிவுரையாளர் இதை வணிகப் பிணக்கு என்று ஏற்றுக்கொண்டார்.

தவராசர் மாமியாரின் செத்தவீட்டுக்குப் போனதில் அவருடைய இறைப்பு முறை ஒன்று தவறிப்போனது. வந்து அதைத் திருப்பிக் கேட்டார். போனது போனதுதான் என்றார் சிவகுருவர். அன்றோடு கதை பேச்சு நின்றது. மெசின் கொட்டில் கதவில் ஆளுக்கொரு ஆமைப்பூட்டு ஏறியது. ஒருவர் நிற்கிற இடத்துக்கு மற்றவர் வரமாட்டார். பூட்டை உடைக்கிறவர் தோற்றவர் என்பதும் இருவருக்கும் தெரியும். நான் போன அன்று ஒன்பது நாளாக இறைப்பு இல்லை. குலை தள்ளிய வாழைகள் இலை மடங்கி நின்றன. இன்னும் ஒரு கிழமை இப்படிப் போனால் இரண்டு தோட்டத்திலும் ஒரு குலை தேறாது. இதை நான் தவராசரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம் தம்பி. ஆனால் அங்காலை இன்னும் கூட வாடியிருக்கு."

உறவுப் படிவம்

நடுத்தீர்ப்பாளர் தனக்கும் தரப்பினருக்கும் உள்ள உறவுகளை முதலிலேயே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். படிவத்தில் அதற்கு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். படிவத்தைச் செய்தவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். சிவகுருவரின் மனைவி என் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு மச்சாள். தவராசரின் பெறாமகள் என் சித்தப்பா வீட்டில் மருமகள். பின்பக்கமும் நிரம்பியது.

ஆட்சேபம் இருந்தால் விலகிக்கொள்கிறேன் என்றேன். சிவகுருவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். இரண்டு பிழை திருத்தினார். விட்டுப்போன ஒரு பெரியம்மாவைச் சேர்த்தார். கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சொந்தமில்லாத ஆளெண்டால் உதுக்குள்ளை வந்து ஏன் மினைக்கெடப்போறான்?"

சமமாக நடத்துதல்

இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும். ஆகவே சிவகுருவர் வீட்டில் தேத்தண்ணி குடித்த கையோடு தவராசர் வீட்டிலும் போய்க் குடித்தேன். வழியில் யாரையும் சந்திக்கவில்லை. வெறும் வேலிதான் இடையில். ஆனாலும் தவராசரின் மனைவி கோப்பையை நீட்டிக்கொண்டே சொன்னா: "அங்கை வடையும் தந்தவையாம். அப்ப தீர்ப்பு எழுதியாச்சுப் போலை."

தடுக்கவொண்ணா நிகழ்வு

எதிர்பாராத, தடுக்கவும் முடியாத நிகழ்வால் ஒருவர் தன் உரிமையைத் தவறவிட்டால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்று ஒரு தத்துவம் இருக்கிறது. வெள்ளம், போர் போன்றவை உதாரணம். செத்தவீடும் அதற்குள் அடங்கும் என்று நான் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய் சிவகுருவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல எழுத்து என்றார். பிறகு சொன்னார்: "தவத்தின்ரை மாமிக்குத் தொண்ணூறு வயது. நாலு வருசமாய்ப் படுக்கை. உதிலை எதிர்பாராதது எது தம்பி?"

நேரடி அமர்வு

பொது இடமென்று வாசிகசாலையைத் தேர்ந்தேன். தரப்பினர் நேருக்கு நேர் வாதாடாமல் நடுத்தீர்ப்பாளர் ஊடாகவே பேச வேண்டும் என்பது விதி. அதை அங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, "தம்பி, அந்த ஆளிட்டைச் சொல்லும்" என்று ஒருவர் தொடங்குவார். நான் மற்றப் பக்கம் திரும்பி அதையே சொல்லுவேன்.

எனக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது தவராசர் கையை உயர்த்தினார்: "அவர் சொன்னது எனக்கு வடிவாய்க் கேட்டது. நீர் சொன்னதுதான் கேக்கேல்லை."

இடைக்கால ஏற்பாடு

பிணக்கு முடியும்வரை பிணக்குக்குரிய பொருள் அழியாமல் காப்பது நடுத்தீர்ப்பாளரின் கடமை. எனவே இரண்டு பூட்டின் திறப்புகளையும் என்னிடம் ஒப்படைக்கும்படி இடைக்கால ஆணை ஒன்று பிறப்பித்தேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். திறப்பு யாரிடமோ, இறைப்பும் அவரிடம்தான்.

அடுத்த நாள் காலை இரண்டு பூட்டையும் திறந்து மெசினை ஓட்டினேன். தண்ணீர் வாய்க்காலில் வர, பாத்திக்குப் பாத்தி மண்ணை வெட்டி அதைத் திருப்பிவிட வேண்டும். நான் பிடித்த மண்வெட்டி ஒரு வரம்பையும் மதிக்கவில்லை. அரைமணி நேரத்தில் பாதித் தண்ணீர் தோட்டத்துக்கு வெளியே ஒழுங்கைக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது பாத்தியை உடைத்தபோது தவராசர் என்னைத் தாண்டி நேராகவே சொன்னார், "உவன் வாழை முழுக்கச் சாய்க்கப்போறான், சிவகுரு."

சிவகுருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி, உடைந்த வரம்பை இரண்டு வெட்டில் அடைத்தார். நிமிராமலே பதில் சொன்னார்: "ஓம். உவனை விட்டால் கிணறும் வத்திப்போகும். நாளையான் என்ரை முறையையும் நீயே எடு, தவம்."

வாழைகள் நிமிர்ந்துவிட்டன, குலையும் தேறும் என்கிறார்கள். அறிக்கையில் 'தீர்வு எட்டப்பட்ட முறை' என்ற இடத்தில் மட்டும், நடுத்தீர்ப்பாளருக்குத் தண்ணி கட்டத் தெரியாது என்பதை எந்தக் கோட்பாட்டின் கீழ் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.