விசிறிவால் புறாவும் விடாத வெயிலும்

கல்யாணப் பெண்ணைக்கூட அழகாக எடுத்துவிடலாம். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைப் புறாவை எடுத்துப் பாருங்கள், நம் தொழிலின் வண்டவாளம் தெரியும். ஜமுனாமரத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நான் மூக்குடைபட்ட கதை இது. காமிரா பிடிக்கும் சக பாவிகளுக்குச் சமர்ப்பணம்.

அப்பளம்

பக்கத்து ஊர் கோவிந்தன் ஒரு ஜோடி விசிறிவால் புறாவோடு வந்தார். கேரளாவில் எஸ்டேட் வேலை கிடைத்திருந்தது. பஸ் ஏறுவதற்குள் புறாக்களை நல்ல கையில் ஒப்படைக்க வேண்டும். வேலூர்க்காரர் ஒருவர் போட்டோ பார்த்துத்தான் வாங்குவாராம். விரிந்த வாலில் இறகு இறகாகத் தெரிய வேண்டுமாம்.

புளியமரத்து நிழல் பின்னணியாக இருக்க, ஒரு புறாவை வெயிலில் நிறுத்தினேன். காமிரா அந்த இருட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிவிட்டது. வால் வெறும் வெள்ளை வட்டம். கோவிந்தன் உற்றுப் பார்த்தார்.

"இன்னாங்க சார், புறாவ நிக்க வெச்சா அப்பளத்த எடுத்துருக்கீங்க?"

சிமெண்ட்

அடுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நிறுத்தினேன். எங்கும் வெள்ளையாக இருக்கவே, காமிரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. அவசரத்தில் கவனிக்காமல் அதை வேலூருக்கு அனுப்பியும் விட்டேன். உடனே கோவிந்தன் போனுக்கு வேலூர்க்காரரின் குரல் செய்தி வந்தது.

"வெள்ளப் புறான்னு சொல்லிட்டு, சிமெண்ட்ல பொரண்ட புறாவ அனுப்பியிருக்கியேப்பா!"

காலை வெயில்

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையிலேயே கோவிந்தனை வரச் சொன்னேன். வெளிச்சத்தைக் காமிராவே தீர்மானிக்கும் ஆட்டோமேட்டிக்கை அணைத்தேன். வெயில் பக்கவாட்டில் விழும்படி புறாவை நிறுத்தி, ஒரு படம் எடுப்பேன். வெளிச்சம் மிஞ்சிய இடம் காமிராத் திரையில் எச்சரிக்கையாக மினுக்கினால், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி எடுப்பேன். புறாவுக்கே அலுத்துவிட்டது. நான் விடவில்லை.

கடைசியில் மினுக்கல் நின்றது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன. சந்தோஷத்தில் கோவிந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூடவே, வாலின் நடுவில் ஓர் இறகு ஒடிந்திருப்பதும் பளிச்சென்று தெரிந்தது! கோவிந்தன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ, அந்த அப்பளத்தயே அனுப்புங்க சார்!"

வேலூர் பதில்

"முடியவே முடியாது" என்று சொல்லி நல்ல படத்தையே அனுப்பினேன். வாங்கிவைத்த டீ ஆறும்வரை இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலூர்க்காரர் இந்தமுறை கோவிந்தனை நேரடியாகப் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"ஒடஞ்ச எறகு மொளச்சிக்கும்பா. மறைக்காம காட்டுன பாரு, ஒன்ன நம்பலாம். இன்னிக்கே கொண்டாந்துடு."

வெள்ளையை ஒழுங்காக எடுக்கத் தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரே கஷ்டம், மாப்பிள்ளை சட்டையில் சிந்திய சாம்பாரை இவ்வளவு தெளிவாக எடுப்பானேன் என்று கல்யாண வீட்டார் சண்டைக்கு வருவதுதான்.