மூக்கன் கணக்கில் ஒரு கப்பல்

மூக்கனுக்கு மூக்கு சாதாரண அளவுதான். நீளமாக இருந்தது நாக்கு. கவ்வாத்துக் கத்தியை எடுத்தால் ஒரு நாளைக்கு இருநூறு தேயிலைச் செடியை மொட்டையடித்துவிட்டு வருவான். வாயைத் திறந்தால் அதைவிடக் கூடுதலாக அளப்பான்.

அக்கரப்பத்தனைக் கடைவீதியிலிருந்து இரண்டு மைல் மேட்டில் ஏறினால் வருகிற லயத்து வரிசை வீடுகளில், ஏழாம் காம்பராவில் பிறந்தவன். அதே காம்பராவில் அம்மாக்கண்ணுவோடு குடித்தனம் தொடங்கி, அதே காம்பராவில் மகள் நாகலெட்சுமியைப் பெற்று, அவளை டயகமையில் கட்டிக் கொடுத்து, நாற்பத்து நாலு வயதிலும் அதே காம்பராவில்தான் இருந்தான். ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததே ஒரே ஒரு தடவை, கொட்டகலையில். அதுவும் அவன் போய்ச் சேர்ந்தபோது அது புறப்பட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவன் இந்தியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், காலில் அந்த ஊர்ப் புழுதி ஒட்டியிருக்கிறதா என்று கேட்கிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

அவனுடைய அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். அதிகம் பேசாத மனிதர். ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே செத்துப் போனார். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் மகன் சொன்னான். முதலில் ஒரு கிணறு வந்தது. பிறகு கிணற்றைச் சுற்றித் தென்னை. அதற்கடுத்த வருடம் ஒரு கொல்லை, இரண்டு பங்காளி, “மூக்கன் எப்ப வருவான்” என்று வழி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியப்பா. பெரியப்பாவுக்கு வயது ஏறவே ஏறாது. கிணறு மட்டும் வருடா வருடம் ஆழமாகிக்கொண்டே போனது.

அறுபத்தைந்தாம் வருடம் அது. யார் இலங்கையில் இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கமும் எண்ணிக்கை பேசி முடித்திருந்தன. ஆளைக் கேட்டு ஒரு கடதாசிகூட லயத்துக்கு வரவில்லை. அதற்குள் கள்ளுக்கடையில் மூக்கன் அறிவித்துவிட்டான்.

“மொதப் பேரே நம்ம பேருதான்.”

எதிலே முதல் பேர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் கொஞ்சம் யோசித்திருப்பான்.

அந்த நேரம்தான் நாகலெட்சுமிக்கு ஏழாம் மாதம் முடிந்தது. தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டுகிற காயத்துக்கு மருந்துச் சரக்கு, நல்லெண்ணெய், பனங்கருப்பட்டி, பூண்டு, புதுத்துணி நாலு கெஜம், போதாததற்கு ஒரு கோழி. அம்மாக்கண்ணு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கைவிரல் முடிந்து கால்விரலுக்குப் போனது.

செல்லசாமி முதலாளி கடையில் அவர்களுக்கு மாதம் முப்பது ரூபாய் வரைக்கும் பற்று. சம்பளத்தன்று கட்டினால் மறுநாளிலிருந்து மறுபடி முப்பது. பதினைந்து வருடமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதை ஐம்பதாக்கிக் கேட்டால் முதலாளி மாட்டேன் என்றா சொல்வார்?

மாட்டேன் என்றுதான் சொன்னார்.

“முடியாது தாயி. முப்பதுக்கு மேல ஒரு சதம் ஏறாது.”

“ஏங்க மொதலாளி? பதினஞ்சு வருசமா எங்ககிட்ட ஒரு கொறை சொல்லியிருக்கீங்களா?”

“கொறை ஒண்ணும் இல்ல.”

“அப்ப கீழ்லயத்துக் கந்தப்பனுக்கு மட்டும் எப்பிடி நாப்பது ஆக்கிக் குடுத்தீங்க?”

முதலாளி பேரேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அம்மாக்கண்ணுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கணக்கு எழுதியிருந்த பக்கத்தின் மூலையில் நீலப் பென்சிலால் கீறியிருந்ததைப் படிக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை. கீழே தொட்டி மாதிரி, மேலே ஒரு குழாய், குழாயிலிருந்து புகை.

“இது என்னங்க?”

“கப்பல்.”

“எங்க கணக்குல எதுக்குக் கப்பல்?”

“போறவங்க கணக்குல எல்லாம் போட்டு வச்சிருக்கேன் தாயி. போன மாசியில ஒரு குடும்பம் எழுவது ரூவா பாக்கியோட தலைமன்னார்ல கப்பல் ஏறிட்டாங்க. நான் என்ன நீந்தியா போயி வாங்குறது? ஒங்களுக்கு முப்பது இருக்கு, அதை நான் கொறைக்கல. கூட்டிக் கேக்காதீங்க.”

“நாங்க போறோம்னு யாரு சொன்னா?”

“ஒம் புருசனைக் கேளு.”

புருசன் உத்தரத்தில் தொங்கிய குடைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பது குடை. இரண்டு தடவை எண்ணியும் ஒன்பதுதான் வந்தது.

திரும்பி ஏறும்போது அம்மாக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் மூக்கனுக்கு அந்த இரண்டு மைலும் சுகமாகப் போயிருக்கும். லயத்துக்குக் கிட்ட வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

“சம்மந்தியம்மா நேத்தே சொல்லி அனுப்பிட்டாங்க.”

“என்னான்னு?”

“‘முடியலைன்னா சொல்லுங்க, நாங்களே பாத்துக்கிறோம்’னு.”

டயகமைச் சம்பந்தி காளியாயி பேச்சில் எப்போதும் மரியாதைக்குக் குறைவிருக்காது. அந்த மரியாதை நடு நெஞ்சில் போய்க் குத்தி, அங்கேயே நிற்கும்.

“வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள ஆமா இல்லைன்னு சொல்லணும்” என்றாள் அம்மாக்கண்ணு. “புள்ள என்னைத்தான் தேடும். அது ஒங்களுக்குத் தெரியும்.”

தெரியும். நாகலெட்சுமி சின்னப் பிள்ளையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது, அம்மா கொழுந்து எடுக்கப் போய்விட்டால் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ கதை சொல்லிப் பார்ப்பான். கதை கேட்பாள், கண் மட்டும் கதவை விட்டு வராது.

முதல் இரண்டு நாள் மூக்கன் வேறு வழி பார்த்தான். தோட்டத்து ஆபீசில் கேட்டான். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்சே இன்னும் பாதி நிற்கிறது என்றார்கள். பிறகு மாயாண்டியிடம் போனான். மாயாண்டி பக்கத்துக் காம்பரா, கூடவே கவ்வாத்து வெட்டுகிறவன், சின்ன வயதிலிருந்து சேர்த்தாளி.

“மொதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுடா. நீ பொறுப்புன்னு சொன்னா நம்புவாரு.”

“நல்லாருக்கே! நீ போயி தென்னமரத்தடியில கால நீட்டிப் படுத்துக்குவ. இருவது ரூவாயை நான் இங்க குளிருல குந்திக் கட்டவா?”

“எங்கடா போறேன்? அது சும்மா சொன்னது.”

“எது சும்மா?”

“எல்லாந்தான்.”

“கெணறு?”

மூக்கன் தலையைச் சொறிந்தான்.

“பெரியப்பா?”

“அவரும்தான்.”

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த மாயாண்டி கல்லைக் கீழே வைத்தான்.

“அடப்பாவி. நானும் ஒங்கூடவே வந்து அந்தக் கொல்லையில ஒரு ஓரமாக் குடிசை போட்டுக்கலாம்னு இருந்தேன்டா. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லிட்டேன். பெரியப்பா நம்மளை வேணாம்பாரான்னு அவ வேற கவலைப்பட்டுக்கிட்டு இருக்கா.”

பொய் சொல்கிறோம் என்று மூக்கனுக்கு எப்போதும் தெரியும். அந்தப் பொய்யில் இன்னொருவன் குடியேறப் பார்த்தான் என்பது தெரியாது. அதைவிட இன்னொரு விஷயம் உறுத்தியது. கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டால், அப்புறம் அவன் யார்? கவ்வாத்துக்காரன். அந்த மலையில் கவ்வாத்துக்காரன் முப்பது பேர் இருந்தார்கள். கிணறு வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

வியாழக்கிழமை சம்பளம். சம்பள நாளில் செல்லசாமி முதலாளி கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆள் குறைந்த பிறகு போகலாம் என்றாள் அம்மாக்கண்ணு. வேண்டாம் என்று மூக்கன்தான் சொன்னான். தனியாகச் சொன்னால் முதலாளி நம்பமாட்டார். அவன் கதையைக் கேட்ட காதுகள் அத்தனையும் அங்கே இருக்க வேண்டும்.

முப்பது ரூபாயையும் எண்ணி மேசையில் வைத்தான். பிறகு, மாட்டு வைத்தியரிடம் பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவன் மாதிரிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “மொதலாளி, நான் எங்கயும் போகலீங்க” என்றான்.

“இப்ப இப்பிடிச் சொல்லுவ. கள்ளுக்கடையில வேற சொல்லுவ.”

“அங்க சொன்னது பொய்யிங்க.”

அரிசி அளந்துகொண்டிருந்த கடைக்காரப் பையன் கொத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

“பேரு எழுதிக் குடுக்கலியா?” என்றார் முதலாளி.

“யாருகிட்ட எழுதிக் குடுக்கிறதுன்னே தெரியாதுங்க.”

“அப்ப அந்தக் கெணறு?” கூட்டத்திலிருந்து கந்தப்பன் கேட்டான். “அறுவது படின்னியே!”

“எனக்கு நாப்பதுன்னு சொன்னான்” என்றது இன்னொரு குரல்.

“படியும் இல்ல, தண்ணியும் இல்ல” என்றான் மூக்கன். கண்ணைத் திறந்துவிட்டான்; இனி மூடி என்ன ஆகப் போகிறது? “எங்கப்பா கெணறு வெட்டினதை நான் பாக்கலீங்க. இங்க மழைத்தண்ணி போக கான் வெட்டினாரு. அது மட்டும் கண்ணால பாத்தேன். அவரை ஆறாம் நம்பர் மலையில பொதைச்சிருக்கு. எங்காத்தாளும் அங்கதான். அந்த ஊருல எனக்கு யாரு இருக்கா, எந்தப் பக்கம் திரும்பி நடக்கணும், ஒண்ணும் தெரியாது. எம்மக மொதப் பிரசவத்துக்கு வரணும். அதுக்குத்தான் கேக்குறேன்.”

முதலில் கந்தப்பன் சிரித்தான். பிறகு கடை மொத்தமும் சிரித்தது. சாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, “பெரியப்பனுக்குக் கருமாதி எப்படா?” என்று கேட்டு இன்னொரு தடவை சிரிக்க வைத்தாள். மூக்கனும் சேர்ந்து சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவனுக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள். கடைவீதியில் அவள் அப்படி நிற்கிற பழக்கம் கிடையாது.

முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். அவர் இராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். ஊர் போய் எட்டு வருடமாகிறது.

“எங்க ஊருல கெணறுன்னா அடியில ரெண்டு தவளையும் கொஞ்சம் சேறும் இருக்கும்ப்பா. நீ சொன்ன கெணத்தைக் கேட்டு எனக்கே பொறாமையா இருந்துச்சு. துறையூர்ப் பக்கம் ஒரு காணி வாங்கிப் போடலாமான்னுகூட நெனைச்சேன்.” நீலப் பென்சிலை எடுத்துக் கப்பலின் மேல் இரண்டு கோடு இழுத்தார். “நாப்பது.”

“அம்பதுங்க” என்றாள் அம்மாக்கண்ணு.

“தாயி, இப்பத்தான் அவன் பொய்யின்னு ஒத்துக்கிட்டான். அதுக்குள்ள…”

“பொய் சொன்னது அவரு. பதினஞ்சு வருசமாக் கட்டினது நான்.”

நாற்பத்தைந்தில் நின்றது. கருப்பட்டியில் ஒரு வட்டு முதலாளி சும்மா போட்டார். பேரனோ பேத்தியோ பிறந்தால் அந்த ஒரு வட்டுக்காவது தன் பேரைச் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் காலையிலேயே டயகமைக்கு ஆள் போனது. அடுத்த வாரம் நாகலெட்சுமி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே காளியாயியும் வந்தாள். மருமகளைக் கொண்டுவந்து விடுவதற்காம். காம்பராவுக்குள் வந்ததும் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பூண்டை முகர்ந்தாள். துணியை முழம் போட்டாள். கோழி மட்டும் அவள் கைக்கு அகப்படாமல் ஓடிவிட்டது.

“எல்லாம் வாங்கிட்டீங்க போல” என்றாள்.

“பின்ன என்ன சம்மந்தி?” என்றாள் அம்மாக்கண்ணு.

சாயந்தரம் காளியாயியைப் பஸ் ஏற்றிவிட்டு மூக்கன் திரும்பி வந்தபோது, நாகலெட்சுமி அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள். மகள் இப்போது கதவைப் பார்க்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் அம்மா குடத்தோடு வந்துவிடுவாள் என்று தெரியும்.

“அப்பா.”

“ம்.”

“கடையில எல்லாருக்கும் முன்னாடி சொன்னீங்களாமே.”

“யாரு சொன்னா?”

“பஸ்ஸுலேயே சொன்னாங்க. கண்டக்டர்கூடச் சிரிச்சாரு.”

மூக்கன் அடுப்பில் விறகைத் தள்ளினான். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“வெக்கமா இருந்துச்சாப்பா?”

“பேசாமத் தின்னு. இந்தா, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்க.”

அவள் தட்டை நீட்டினாள்.