மூழ்க மறுத்த ஃபொக்ஸ்ட்ரொட்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒன்றரை வருடம் ஒரு சோவியத் நீர்மூழ்கி குடியிருந்தது. அந்த ஒன்றரை வருடமும் என் கணவர் வாளியில்தான் குளித்தார். காலையில் துவாயும் தோளுமாக வந்து நின்று, "என்னப்பா, உம்மடை ரஷ்யாக்காரன் எப்ப வெளிக்கிடுவான்?" என்று கேட்பார். நான் தொட்டிக்குள் குனிந்தபடியே, "ஒழுங்காத் தாழப் பழகினவுடனை வெளிக்கிட்டிடுவான்" என்பேன். நல்ல மனிதர். முணுமுணுத்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஒரு யாழ்ப்பாணத்து மனிசிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. கோவில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் சிறியவனாக இருந்தபோது பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாக வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் போனேன். அங்கே ஒரு சோவியத் நீர்மூழ்கியைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் ஐஸ்கிரீமுக்கு ஓடிவிட்டார்கள். நான் வெளியே வரவில்லை. கடைசியில் ஆசிரியை உள்ளே வந்து தேடிக் கண்டுபிடித்தார்.

நான் பல் கட்டுகிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, இத்தனை வருடமாக மற்றவர்களின் வாய்க்குள் பல்லுக்கு இடம் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் மனிதன் சாப்பிட ஏலாது. அந்தப் படகுக்குள் ஒரு கல்யாணப் பந்திக்கு வரக்கூடிய அத்தனை ஆட்களுக்கும் ஒரு குழாயின் தடிப்புக்குள் இடம் கண்டுபிடித்திருந்தார்கள். படுக்கை, அடுப்பு, இயந்திரம், குண்டு எல்லாம் அதற்குள். தொழில் தெரிந்தவன் தொழிலைப் பார்த்தால் தலை தானாகக் குனியும். எனக்குக் குனிந்தது.

"போருக்குத் தப்பி ஓடி வந்தனீர், உமக்குப் போர்க்கப்பலோ?" என்று என் சிநேகிதி ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். இப்போதைய ரஷ்யப் போர்ச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், அதில் பிழை இல்லை. "நான் குண்டு செய்யேல்லை. தண்ணிக்குள்ளை தாண்டுபோன ஒண்டு எப்பிடித் திரும்ப மேலை வருது எண்டு பாக்கிறன்" என்றேன். அது சமாளிப்பு இல்லை. உண்மையாகவே எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஜெர்மன்காரர் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு ஃபெரைன், அதாவது ஒரு சங்கம், தொடங்கிவிடுவார்கள். மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். குறைவாகப் பேசுவார், பேசினால் சுவர் அதிரும். வியாழக்கிழமை பின்னேரங்களில் கூடுவார்கள். நானும் விருந்தினராகப் போகத் தொடங்கினேன். சங்க அறையின் நீளச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் சோவியத் நீர்மூழ்கிகள் வரிசையாக, தலைமுறை தலைமுறையாக நின்றன.

முதலில் விஸ்கி. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை, மேற்கு நாட்டார் வானொலியில் எழுத்துகளைப் பிரித்துச் சொல்லும் சொற்களைக் கொண்டு வைத்தவை; கட்டியவர்கள் வெறும் எண்களால்தான் குறித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் கடைசி நீர்மூழ்கிகளைச் சோவியத்காரர் பிரித்துப் படித்துத்தான் விஸ்கியைக் கட்டினார்கள் என்று கிழவர்கள் சொல்லும்போது, பேரன் பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு பெருமை முகத்தில் தெரியும். அடுத்தது ரோமியோ. கீழ்த்தட்டில் அணுசக்திப் படகுகள்: நவம்பர், விக்டர், டைட்டானியத்தில் செய்த அல்ஃபா, கடைசியில் உலகத்திலேயே பெரிய டைஃபூன். அதற்குள் குட்டி நீச்சல் தொட்டியும் உண்டு என்று அறிந்தபோது என் கணவர், "அவங்களுக்காவது குளிக்க இடம் இருக்கு" என்றார்.

மேல்தட்டில் ரோமியோவுக்கும் டாங்கோவுக்கும் நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அது ஃபொக்ஸ்ட்ரொட்டின் இடம். நீண்டு மெலிந்த படகு, பின்னால் மூன்று புரொபெல்லர். இந்தியா வாங்கிய முதல் நீர்மூழ்கிகளும் அந்த வகைதான். விசாகப்பட்டினம் கடற்கரையில் ஒன்றை இன்றும் ஏறிப் பார்க்கலாம். அதன் பிறகு வந்த டாங்கோ சற்றுத் தடித்தது. அதற்கும் பிறகு வந்த கிலோ நன்றாக உருண்டு, ஒரே புரொபெல்லரோடு, சத்தமே இல்லாமல் போகப் பழகிவிட்டது. ஃபொக்ஸ்ட்ரொட் இல்லாமல் அந்த வரிசை முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. என் தொழிலுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது.

இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்றால், அந்த அலுமாரிக்குள் போவதற்கு அழகு மட்டும் போதாது. வருடத்தில் ஒரு ஞாயிறு காலை நகர நீச்சல்குளத்தைச் சங்கத்துக்குத் தருவார்கள். அன்று படகை எல்லோருக்கும் முன்னால் தண்ணீரில் வைக்கவேண்டும். வைத்த பிறகு கட்டியவர் கை படக்கூடாது. அது தானாகத் தாழ்ந்து, குளத்தின் அந்தக் கரைவரை நீருக்கடியில் போய், தானாக மேலே வரவேண்டும். ஃபொக்ஸ்ட்ரொட்டை இரண்டு பேர் முயன்று கைவிட்டிருந்தார்கள். மெலிந்த உடம்பு, உள்ளே இடம் போதாது.

இதில் இன்னொன்றும் இருந்தது. படகு தாழ்ந்து மேலே வந்தால்தான் முழு உறுப்பினர். முழு உறுப்பினருக்குச் சங்க அறையின் சாவி உண்டு. விருந்தினர் வாசலில் நின்று மணி அடிக்கவேண்டும். நான் இரண்டு வருடம் ஒவ்வொரு வியாழனும் மணி அடித்தேன். உள்ளே அவர்கள் கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்கும். யாராவது எழுந்து வந்து திறக்கும்வரை மழையிலோ பனியிலோ நிற்பேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எனக்கு ஒவ்வொரு முறையும் சுட்டது. அகதி விண்ணப்பத்தோடு எத்தனையோ கதவுகளில் நின்றவள் நான். இன்னொரு கதவில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

நூறில் ஒரு பங்கு அளவில், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் அதைக் கட்டினேன். புரொபெல்லர்களைப் பல் வார்க்கிற உலோகத்தில் வார்த்தேன். ஊசிக்குழாய் மருந்தை இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்து, பிறகு வெளியே தள்ளுகிற ஒரு சிறு மோட்டார் தொட்டி உள்ளே. அந்தப் படகுகளுக்கு வெளி உடம்பு ஒன்று, உள் உடம்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கடல் தாராளமாக வந்து போகும். அதற்காகப் பக்கங்களில் நீள நீளமான துளைகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பல் அரத்தால் அராவினேன். குளியல் தொட்டியில் படகை இரு கையாலும் பிடித்து, அப்படியும் இப்படியும் சரித்து இறக்கிவிட்டால் அழகாகத் தாழ்ந்தது. நீச்சல்குளத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

அன்று அது தாழவில்லை. மோட்டார் தண்ணீரை இழுத்தது, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. பிறகு முதுகைத் தண்ணீருக்கு மேலே காட்டிக்கொண்டு குளத்தின் நடுவில் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. தலைவர் என் பக்கத்தில் வந்து, முடிந்தவரை மெதுவான குரலில், "வேலைப்பாடு மிக அழகு. இதை ஓடாத மாதிரியாகப் பக்கத்து அலுமாரியில் வைக்கலாம்" என்றார். பக்கத்து அலுமாரி கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் தீப்பெட்டிக் குச்சியில் செய்த கோபுரமும் ஒரு பழைய கிண்ணமும் இருந்தன.

"நன்றி, வேண்டாம். இது அடுத்த வருடம் தாழும்" என்றேன். காருக்குள் ஏறியதும் அழுதேன். என் கணவர், "சரி, நான் இன்னும் ஒரு வருசம் வாளியிலை குளிக்கிறன்" என்றார். அவரைக் கட்டியதற்காக நான் பெருமைப்பட்ட நாட்களில் அது முதலாவது.

எடையைக் கூட்டினேன், மோட்டாரை மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. இப்போது கையால் சரிக்காமல் தொட்டியில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் முதுகைத்தான் காட்டியது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பிடிவாதத்தில் ரயில் ஏறி அந்த வடக்குத் துறைமுகத்துக்கே போனேன். அங்கே நிற்பது டாங்கோ, என் படகின் தங்கை. போய் இறங்கியபோது மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போகாமல் குடையோடு கரையில் நின்று அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு மழைக்கும் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. விழ விழ மறைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத் துளைகளால் ஒழுகியது. மேல்தளம் முழுக்கச் சின்னச் சின்னப் பிளவுகள். தண்ணீர் கீழே போகிற வழியால்தானே காற்று மேலே வரவேண்டும்!

எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்தப் பிளவுகள் எல்லாம் என் வரைபடத்தில் இருந்தன. நான்தான் அவற்றை அடைத்தேன். பல் செய்கிறவளுக்கு மேற்பரப்பில் ஓர் ஊசித்துளை கண்டாலும் பொறுக்காது. துளை இருந்தால் அழுக்குச் சேரும், பல் கெடும். பழக்கத்தில் என் கை மேல்தளத்தின் ஒவ்வொரு பிளவையும் பிசின் வைத்து நிரப்பி, கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டிருந்தது. பக்கத்தால் தண்ணீர் வரத் தயாராக நின்றது, உள்ளே இருந்த காற்றுக்கோ வெளியேற வழி இல்லை. வீட்டில் கையால் சரித்தபோது பக்கத் துளைகளால் தப்பி ஓடியிருக்கிறது. சங்கத்துக் கிழவர்கள் நூறு வருடம் இருந்தாலும் இந்தப் பிழையைச் செய்யமாட்டார்கள். இதைச் செய்ய ஒரு பல்லுக்காரி வேண்டும். மழைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

மாரிகாலம் முழுக்க, மினுக்கியதையெல்லாம் நானே துளைத்தேன். என் கைக்கு அது பெரிய தண்டனை. ஒவ்வொரு துளைக்கும் மனம் ஐயோ என்றது.

அடுத்த குளத்து ஞாயிறு வந்தது. படகைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். மோட்டார் இழுக்கத் தொடங்கியது. முதுகு முழுக்கக் குமிழிகள் கிளம்பின, பொங்கல் பானை மாதிரி. பிறகு அது நேராக, சரியாமல், ஒரு அவசரமும் இல்லாமல் தாழ்ந்தது. முதலில் தளம் மறைந்தது, பிறகு கோபுரம், பிறகு பெரிஸ்கோப். குளத்தின் நீலத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு அந்தக் கரையை நோக்கிப் போனது. அந்தக் கரையில் என் கணவர் நின்றார். கோபுரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது அவர், "வந்திட்டான்! வந்திட்டான்!" என்று தமிழில் கத்தினார். ஒருவருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

தலைவர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, காலுறையோடு படியில் இறங்கினார். படகை இரண்டு கையாலும் தூக்கி, நீர் வடிய வடிய என் கையில் தந்தார். "இந்தப் படகு இருபது வருடமாக எங்களுக்கு ஆட்டம் காட்டியது" என்று குளம் அதிரச் சொன்னார். நான் அழுதேன், இந்த முறை எல்லோருக்கும் முன்னால், வெட்கமே இல்லாமல். அன்றைக்கே ரோமியோவுக்கும் டாங்கோவுக்கும் நடுவே என் ஃபொக்ஸ்ட்ரொட்டை என் கையாலேயே வைத்தேன். வரிசை வாய் நிறையப் பல்லோடு சிரித்தது.

அதற்கடுத்த வியாழன் நான் நேரத்தோடு போய், என் சாவியால் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கோப்பி வைத்துவிட்டு மேசையில் இருந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். நல்ல மழை. கதை சூடு பிடித்திருந்த நேரம் வாசலில் மணி அடித்தது. தலைவர் தன் சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் எழும்பினேன். அவரை ஒரு நொடிகூட மழையில் நிற்க விடவில்லை, ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.