பதினேழரை மணி நேரம்

கொழும்புக்குத் தோணி ஓட்டிய காலத்தில் தோணித் தலைவர் பவுல் தண்டலுக்கு மூக்குதான் காம்பஸ். மூடுபனியில் வழி தெரியாமல் நின்ற கப்பல் ஒன்று, இவர் தும்மிய திசையைப் பிடித்துக்கொண்டுதான் துறைமுகம் சேர்ந்ததாம். "அவரு சொல்லுத தூரத்துல பாதி கடலு, பாதி வாயி" என்று சிரிப்பாள் மனைவி அமலோற்பவம். அவளைத் தவிர ஊரில் ஒருவரும் அவர் கணக்கை மறுத்ததில்லை.

அந்த அமலோற்பவம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்ணை மூடினாள். மகன் கிளைட்டன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் பிரேசிலில் கப்பலை விட்டு இறங்கியிருந்தான். நம் நேரம் எட்டு மணிக்கு, சாவோ பாலோவில் விமானம் ஏறும்போது அழைத்தான்.

"ஏறிட்டேம்ப்பா. அம்மா முகத்த நான் பாக்கணும். அதுக்குள்ள மூடிராதிய."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. லைன் போய்விட்டது.

பவுல், மகள் ஸ்டெபியைப் போனில் தூரம் பார்க்கச் சொன்னார். தோகா, சென்னை, தூத்துக்குடி என்று எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். வேகம் மணிக்குத் தொள்ளாயிரம். விரலை மடக்கினார்.

"பதினேழரை மணி நேரம். நாளைக்கு மத்தியானம் ஒன்றரைக்கு வாகைக்குளம் ஏர்போட்டுல இறங்கிருவான். அடக்கத்த நாலு மணிக்கு வச்சிருவோம்."

"நடுவுல நிக்கும்லாப்பா? எதுக்கும் ஐஸ் பெட்டி எடுத்திருவோம்."

"ஏளா, கரையில கெடக்குத நேரத்த எவனாவது ஓட்டத்துல சேப்பானா? நங்கூரம் தூக்குனதுல இருந்து போடுத வரைக்குந்தான் பயணம். ஒங்கம்மா ஃபேன் காத்துக்கே போத்திக்கிட்டுப் படுக்குதவ. ஐஸுல வைக்க விடமாட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு தோகாவிலிருந்து கிளைட்டன் பேசினான். "அடுத்த ப்ளைட்டு சாயங்காலம் ஏழு மணிக்குத்தாம்ப்பா. சென்னையில வேற மாறணும். நாளைக்குத்தான் அங்கன வருவேன்."

பவுல் ஐஸ் பெட்டிக்கு ஆள் விட்டார். பெட்டி கொண்டுவந்த டெரன்ஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நேத்தே சொல்லிருக்கணும் அண்ணாச்சி. சித்திர வெயிலு. நாலு மணிவர தாங்குனாலே பெரிசு."

அதற்குள் முகம் ஊதியிருந்தது. ஸ்டெபி பவுடர் போட்டுப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

நாலு மணிக்கு வீடியோவில் அண்ணனுக்கு அம்மாவைக் காட்டினாள். பிறகு பவுல் போனை வாங்கிக்கொண்டார்.

"சேலைய வச்சுத்தாம்ப்பா அம்மான்னு தெரியுது. மூடச் சொல்லுங்க."

ஆணி அடிக்கும் சத்தம் அடங்கும்வரை லைனிலேயே இருந்தான்.

"இனி நான் அங்கன வரணுமாப்பா? இங்கருந்தே கப்பலுக்குத் திரும்பவா?"

கேட்ட மாத்திரத்தில் எதற்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடும் மனிதர், போனை மகள் கையில் திணித்துவிட்டுப் போய்ச் சவப்பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தார். ஸ்டெபி காதில் வைப்பதற்குள் அவன் துண்டித்திருந்தான்.